பாதம் பார்க்கிறவள்

"எடுத்துக் குடுத்துட்டியா? ஆற்காட்டுக்குப் போயி, வெயில்ல நின்னு, சூடு ஆறறதுக்குள்ள கொண்டாந்து சேக்கணும்னு நான்..."

"எதிர் வூட்டு அபிதகுசாம்பாளுக்குத்தான் குடுத்தேன் அண்ணி, குப்பையிலயா போட்டேன்? அவங்க வூட்டுல ஆறு பேரு, ஆளுக்கு ஒண்ணு..."

"அவ வூட்டு ஆளுங்களுக்கா நான் மக்கன் பேடா வாங்கியாந்தேன்? என் தம்பி உடம்பு கேக்குதுன்னு வாங்கியாந்தேன்!"

"உடம்பு கேக்கல அண்ணி, நாக்கு கேக்குது. தவக்காலம் வேற..."

"வாயை மூடு செல்வி!"

ஆரோக்கியசெல்வி மூடிக்கொண்டாள். முப்பத்தாறு வருஷமாக மூடிப் பழகிய வாய். ஆனால் கண்ணை மூடவில்லை. காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்த நாத்தனார் ஃப்ளோரன்ஸை நன்றாகவே பார்த்தாள். கண்ணமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி ஆரணிக்கு வந்துவிடுவாள், கையில் ஒரு டப்பாவோடு. டப்பாவுக்குள் தம்பியின் ஆயுசு குறைவதற்கு வேண்டியது எல்லாம் இருக்கும்.

தம்பி பவுல்துரை கூடத்துத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நாடாவைத் தள்ளியபடி, எதுவும் காதில் விழாதவர் மாதிரி இருந்தார். அறுபத்து மூன்று வயசு. சர்க்கரை வந்து பதினோரு வருஷம்.

"நான் இன்னா பெருசா கேட்டுட்டேன்?" என்றார் தறியைப் பார்த்தே. "ரெண்டு பேடா. உடம்பு கேக்குது. கேக்கறப்ப குடுக்கலன்னா உடம்பு வுட்டுப் போயிடும். எங்கப்பன் அப்படித்தான் துன்னான். எம்பது வயசு வரைக்கும் இருந்தான்."

அடடா, என்ன உடம்பு அது! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஆட்டுக்கால் கேட்கும். மழை பெய்தால் வடை கேட்கும். கல்யாண வீட்டில் மூன்றாம் தடவை பாயசம் கேட்கும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது பாகற்காய் கேட்டதுண்டா? முருங்கைக்கீரை கேட்டதுண்டா? இந்த மாதிரி ஆட்களின் உடம்பு மட்டும் எப்போதும் இனிப்புக்கடை வாசலில் நின்றுதான் கேட்கிறது. என்ன மாயமோ!

"அத்தை, கோச்சுக்காதீங்க," என்று மருமகள் ரீனா ஆரம்பித்தாள். இடுப்பில் பதினோரு மாசத்துக் குழந்தை நிலா, கையில் பருப்புசாதக் கிண்ணம். "நம்ம உடம்பு சொல்றதைக் கேட்டுச் சாப்பிடறதுதான் சரின்னு நெறைய வீடியோவுல சொல்றாங்க. பசிக்கறப்ப, புடிச்சதைச் சாப்பிடணும். நிலாவையே பாருங்க. வயிறு நெறஞ்சதும் மூஞ்சைத் திருப்பிக்கிறா. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பருப்புசாதத்துக்குத் திருப்பறாம்மா. பேடாவைக் காட்டு. திருப்பறாளான்னு பாக்கலாம்," என்றாள் செல்வி.

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகன் ஸ்டீவ் சிரித்துவிட்டான். அத்தை ஃப்ளோரன்ஸ் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"எல்லாம் தெரிஞ்சவ!" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஊருக்கே அரிசி அனுப்பற ஊர்ல என் தம்பிக்கு ஒரு கரண்டி சோறு! மிச்சத்துக்குக் கேவுருக் களி! நெய்யறவனுக்கு வயித்துல எதுனா இருக்க வேணாமா?"

"அண்ணி, நெய்யறதைப் பத்திச் சொல்றீங்களே... போன சேலையில மூணு எடத்துல நெசவு தப்பிப் போச்சு. ஏன்னு கேளுங்க. மிதி மாத்தி மிதிக்கிறாரு. கட்டை மேல காலு கீதா, இல்லியான்னே அவருக்குத் தெரியல. மரத்துப் போச்சு."

"நூல் சரியில்லடி!" என்று குழியிலிருந்து குரல் வந்தது.

"நூலு சரியாத்தான் இருந்துச்சு. டாக்டர் சொன்னாரு அண்ணி, தினம் பாதத்தைத் திருப்பி வெளக்கு அடிச்சுப் பாக்கணும்னு. முள்ளு குத்தினாலும் அவருக்குத் தெரியாது..."

"அதை வேற சொல்றியா?" பவுல்துரை குழியிலிருந்து எழுந்தே விட்டார். "சாயந்திரம் ஜெபமாலை முடிஞ்சா போதும்க்கா. பேசின்ல தண்ணி, கையில டார்ச்சு. மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கிற மாதிரி என் காலைப் புடிச்சுப் பாக்கிறா. பேஜாரா கீதுக்கா! என் காலு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா தறி மிதிச்ச காலு!"

ஃப்ளோரன்ஸின் கண் கலங்கியது. தம்பி வாடினால் அவளுக்குக் கண் கலங்கும். தம்பி பெண்டாட்டி வாடினால் கண் சரியாகத் தெரியாது.

"கிளம்புடா. என் வீட்டுக்கு வா. ஈஸ்டர் வரைக்கும் இரு. உன் உடம்பு என்ன கேக்குதோ அதை நான் போடறேன். இவ கையால பட்டினி கிடந்தது போதும்!"

செல்வி மகனைப் பார்த்தாள். அவன் ஷூ கயிற்றைப் பார்த்தான்.

"கொஞ்ச நாள் போயிட்டு வரட்டுமேம்மா..." என்றான். "தெருவுல பேசறாங்க. அப்பாவை நீங்க பட்டினி போட்டுக் கொல்றீங்கன்னு. எனக்கே கேக்க ஒரு மாதிரி இருக்குது."

தெரு பேசியது அவளுக்குத் தெரியும். மகன் வாயிலிருந்து வரும் என்று தெரியாது. அவள் உள்ளே போய், அவருடைய நாலு வேட்டி, மாத்திரைப் பை, ஜெபமாலை எல்லாம் எடுத்து வைத்தாள். கடைசியாக டார்ச்சைக் கொண்டுவந்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, இன்னா வேணா போடுங்க. நான் கேக்கல. தினம் ஒரு தபா பாதத்தைத் திருப்பிப் பாருங்க. அது போதும்."

ஃப்ளோரன்ஸ் டார்ச்சை வாங்கித் தறிப் பலகையின் மேல் வைத்துவிட்டாள்.

"என் தம்பி சின்னப் பிள்ளையா? அடிபட்டா அவன் உடம்பு அவனுக்குச் சொல்லாதா?"

இருவரும் பஸ் ஏறினார்கள்.

மூன்று வாரம் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. செல்வி ஒருசந்தி இருந்தாள். பகலில் ஒரே வேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமையில் கஞ்சி மட்டும். நாக்கு வறண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ரவிக்கை தொளதொளத்துப் போயிற்று.

"தவக்காலத்துல இளைச்சு செலை மாதிரி ஆயிட்டக்கா," என்றாள் அபிதகுசாம்பாள்.

"எல்லாம் ஆண்டவர் செயல். எனக்கு ஒண்ணும் இல்லடி, கல்லு மாதிரி இருக்கேன்," என்றாள் செல்வி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாக்கை அடக்கத் தெரிந்தவள் அவள். பேடாவுக்கு அழுகிற ஆள் அல்ல!

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம். கோவிலைச் சுற்றி மூன்று தெரு, செருப்பில்லாமல். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. நின்று ஜெபிக்கிற ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ரீனா ஓடி ஓடி நிழலில் நின்றாள், காலை மாற்றி மாற்றி வைத்தாள். செல்வி நடுத்தெருவில் நிதானமாக நடந்தாள், பூப்பந்தலுக்குக் கீழே நடக்கிற மாதிரி.

"அத்தை, சுடலியா உங்களுக்கு?"

"பக்தி இருந்தா சுடாது ரீனா. வீடியோ பாத்துகினு வந்தா சுடத்தான் சுடும்."

ரீனாவின் முகம் சுருங்கிப் போயிற்று. செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவுல்துரை இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்தார். "இன்னிக்குப் பாயா. நேத்து சேமியாப் பாயசம். உடம்பு எப்படி ஜம்முனு கீது தெரியுமா? அக்கா புதுத் தோல் செருப்பு வாங்கிக் குடுத்துச்சு. காலைல ஏரிக்கரை வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். ஒரு வலி கெடையாது!"

"பாதத்தைப் பாத்தீங்களா?"

போன் கட்டாகிவிடும்.

பெரிய வியாழன் வந்தது. சாயந்திரப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதம் கழுவி முத்தமிடுவார். ஒன்பது வருஷமாக அந்தப் பன்னிரண்டில் பவுல்துரை ஒருவர். அதில் அவருக்கு அப்படி ஒரு கௌரவம். கண்ணமங்கலத்திலிருந்து அக்காளும் தம்பியும் நேராகக் கோவிலுக்கே வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கன்னத்தில் புதுச் சதை.

"பாத்தியா?" என்று ஃப்ளோரன்ஸ் செல்வியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழங்கையால் இடித்தாள். "மூணு வாரத்துல எப்படித் தேத்திட்டேன்! வயிறார சாப்பாடு. வேற ஒண்ணும் இல்ல."

செல்வி முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நடக்கிற நடையைப் பார்த்தாள். வலது கால் தரையில் பதிந்து, கொஞ்சம் ஒட்டி, எழுந்தது.

பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாமியார் முழங்காலிட்டு வந்தார். ஏழாவது ஆள் பவுல்துரை. வலது காலைத் தூக்கி நீட்டினார். சாமியார் குதிகாலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்... ஊற்றினவர் நிறுத்திவிட்டார். பேசின் தண்ணீர் கலங்கியது. முதல் வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

"பவுல்துரை," என்றார் சாமியார் மெதுவாக. ஆனால் அங்கியில் குத்தியிருந்த மைக் அதைக் கோவில் முழுக்கச் சொன்னது. "இது... வலிக்கலியா உனக்கு?"

"எது சாமி?"

"கீழ பாரு."

"ஒண்ணும் வலிக்கலியே சாமி..." என்று அவர் குனிந்து பாதத்தைத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. சுற்றிலும் கறுப்பு. "ஐயையோ... இது எப்ப? உடம்பு ஒண்ணுமே சொல்லலியே!... செல்வி! செல்வி!"

அக்காளைக் கூப்பிடவில்லை. கோவில் முழுக்கக் கேட்கும்படி, தன்னைப் பட்டினி போட்டவள் பெயரைத்தான் கூப்பிட்டார்.

செல்வி எழுந்தாள். பீடத்துக்குப் போகவில்லை. நேராக வாசலுக்குப் போனாள். செருப்புக் குவியலில் அந்தப் புதுத் தோல் செருப்பைத் தேடி எடுத்து உள்ளே விரலை விட்டாள். சுருக்கென்றது. கால் அங்குலத்துக்கு ஓர் ஆணி மேலே எழும்பி நின்றது. விரல் நுனியில் ரத்தப் பொட்டு.

பின்னாலேயே ஓடிவந்த ஃப்ளோரன்ஸுக்கு நேராக அந்தச் செருப்பை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க அண்ணி. என் விரலுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுது. இந்த ஆணி மேல அவரு மூணு வாரம் ஏரிக்கரைக்கு நடந்திருக்காரு."

"ஒரு நாத்தம் வந்துது செல்வி..." என்றாள் ஃப்ளோரன்ஸ். "புதுத் தோலு, அப்படித்தான் நாறும்னு நெனச்சேன்... சத்தியமா..."

"புதுத் தோலா! இத்தினி வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினீங்க. நாறுதுன்னா திருப்பிப் பாக்கணும்னு தோணல! பாயா காய்ச்சத் தெரிஞ்சுது, பாயசம் காய்ச்சத் தெரிஞ்சுது. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் குனிய மனசு வரல இல்ல?"

ஃப்ளோரன்ஸ் செருப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வலது காலின் இரண்டு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் வீட்ல இவர் காலை யாரு பாத்துக்கிட்டது? அவங்க நல்லாப் பாத்திருக்காங்க. இப்ப ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்டார்.

ஸ்டீவ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். "தெரு பேசுதுன்னு நான்... நான் சொன்னேனேம்மா... என் வாயால சொன்னேனே..."

"சொன்ன," என்றாள் செல்வி. கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'பரவாயில்லைப்பா' என்றும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பாஸ்கா சனிக்கிழமை காலையில் நர்ஸ் வந்தாள். "வீட்டுக்குப் போனதும் பாதத்தை எப்படிப் பாக்கணும்னு எல்லாரும் கத்துக்கணும். பெரியவங்களே, நீங்களும் வாங்க," என்று ஃப்ளோரன்ஸையும் கூப்பிட்டாள். "இவர் கால்ல கட்டு இருக்கு. அம்மா, நீங்க உக்காருங்க. உங்க காலை வெச்சே காட்றேன்."

செல்வி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாகத் தான் செய்துவந்ததை இவர்கள் இப்போதுதான் பாடமாகப் படிக்கிறார்கள்! படிக்கட்டும்.

நர்ஸ் பாவு நூலைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு நைலான் நரம்பை எடுத்தாள். "இதை வெச்சு அங்கங்க அழுத்துவேன். கண்ணை மூடிக்குங்க. தெரியறப்ப 'ம்'னு சொல்லுங்க."

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். வார்டில் யாரோ இருமினார்கள். நிலா ஏதோ மழலை பேசினாள். செல்வி காத்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க சிஸ்டர்?"

கண்ணைத் திறந்தாள். நர்ஸ் நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுட்டேம்மா. ரெண்டு கால்லயும் பத்துப் பத்து எடம்."

நர்ஸ் அவளுடைய பாதத்தைத் திருப்பினாள். அடிப்பாதம் முழுக்கக் கொப்பளம் காய்ந்து, உரிந்து, கறுத்துத் தழும்பாகக் கிடந்தது.

"இது எப்பம்மா சுட்டுக்கிட்டீங்க?"

"சுடவே இல்லியே..."

ரீனா நிலாவை இறுக்கிக்கொண்டாள். "சிலுவைப்பாதை..." என்றாள். "தார் ரோடு... அத்தை, உங்களுக்குச் சுடலன்னு சொன்னீங்களே அத்தை..."

விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும்? பதினோரு வருஷமாக மாசம் தவறாமல் அவரைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனவள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் விரலை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் நீட்டவில்லை. வறண்ட நாக்கைத் தவம் என்று நினைத்தாள். சுடாத தாரை வரம் என்று நினைத்தாள். அவர் உடம்பு கேட்டுக் கேட்டுக் கெடுத்தது என்றால், இவள் உடம்பு ஒன்றும் கேட்காமலேயே கெடுத்துவிட்டது.

ஃப்ளோரன்ஸ்தான் முதலில் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி... உன்னை என்னவெல்லாம் பேசினேன்..." என்று செல்வியின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள். செல்வி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. அவளுடைய கண் நர்ஸின் கையில் இருந்த அந்த நரம்பின் மேலேயே இருந்தது.

ஈஸ்டர் போய் இரண்டு வாரம் கழித்து, ஆரணி வீட்டுக் கூடம். பவுல்துரை கட்டிலில் சாய்ந்திருந்தார். ஃப்ளோரன்ஸ் கண்ணமங்கலத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, தன் கையாலேயே கேழ்வரகுக் களியும் கீரையும் செய்திருந்தாள். கட்டி கட்டியாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

"செல்வி," என்றார் பவுல்துரை. "இனிமே நீ போடறதுதான் எனக்குச் சோறு. உடம்பு கேக்குதுன்னு என் வாயில வந்தா செருப்பாலயே அடி. உன்னை நான்... நாலு பேருக்கு முன்னால எவ்வளவு அசிங்கமா..."

"துன்னுங்க. ஆறிப் போவுது."

அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், பழக்கத்தில், காலை நீட்டினார். அவளும், பழக்கத்தில், பேசினை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட பாதத்தை விட்டுவிட்டு மற்றதைக் கழுவினாள். விரலிடுக்கைத் துடைத்தாள். டார்ச்சை அடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"தேவதைம்மா நீ," என்றாள் ஃப்ளோரன்ஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அம்மா இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும்?" என்றான் ஸ்டீவ்.

"நீங்க ரெஸ்ட் எடுக்கணும் அத்தை," என்றாள் ரீனா.

செல்வி எழுந்திருக்கவில்லை. டார்ச்சை அணைக்காமலே தரையில் வைத்தாள். பிறகு, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, புருஷன் முன்னாலும் நாத்தனார் முன்னாலும் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டு, இரண்டு காலையும் அவர்களுக்கு நேராக நீட்டினாள்.

ஸ்டீவ் போனை எடுத்தான். ரீனா நிலாவின் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள், வாயில் ஒன்றும் இல்லாதபோது. ஃப்ளோரன்ஸ் களிப் பாத்திரத்தை மூடினாள். பவுல்துரை சுவரைப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது.

"சொல்லுங்க. என் காலை யாரு பாக்கப் போறீங்க?"